மேற்கே ஒரு ஞாயிறு: கோவைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களின் கேள்விகள்

வேலை மாற்றலிலும் பிள்ளைகள் படிப்புக்காகவும் கோவைக்குக் குடிவந்த வாசகர்கள் பலர் வார இறுதிப் பயணங்கள் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: இந்தப் பக்கத்து மலைகளுக்குக் கிளம்பும்போது கிலோமீட்டரை வைத்துத் திட்டம் போடாதீர்கள். இருட்டுவதற்குள் எந்த இடத்தைத் தாண்டியிருக்க வேண்டும் என்று முதலில் முடிவுசெய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி நேரம் கணக்கிடுங்கள்.

காரில் குடும்பத்தோடு வால்பாறைக்கு ஒரே நாளில் போய்வர முடியுமா? — சரவணம்பட்டி வாசகர்

முடியும், காலை 5 மணிக்கு வண்டியை எடுத்தால். கோவையிலிருந்து பொள்ளாச்சி 40 கி.மீ.; அங்கிருந்து வால்பாறை சுமார் 65 கி.மீ. முதல் பாதியை ஒன்றரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். வண்டி எவ்வளவு புதிதாக இருந்தாலும் அந்த ஏற்றத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

2025 நவம்பர் முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் வேண்டும். முந்தின நாளே வீட்டில் பதிவு செய்து, பாஸின் படத்தைக் கைப்பேசியில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு பதிவு செய்யப் பார்ப்பவர்களால்தான் பின்னால் வண்டிகள் தேங்குகின்றன.

9-ஆவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட். ஆழியாறு அணை முழுதாகத் தெரியும். வரையாடுகள் சாலையோரத் தடுப்புச் சுவர் வரை வந்து நிற்கும். இன்ஜினை அணைத்துவிட்டு வண்டிக்குள் இருந்தபடியே பாருங்கள். வால்பாறையை நெருங்கும்போது புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள் கூட்டமாகச் சாலையைக் கடக்கும். அவற்றுக்காக மரத்துக்கு மரம் சாலைக்கு மேலே பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். தயவுசெய்து பிஸ்கட், பழம் எதுவும் போடாதீர்கள். மரத்தின் உச்சியில் வாழும் பிராணி அது. தின்பண்டத்துக்காகத் தரைக்கு இறங்கிப் பழகிய குரங்கு பிறகு வண்டிச் சக்கரத்தில்தான் அடிபடுகிறது.

மதியம் 2.30 மணிக்குள் வால்பாறையிலிருந்து கிளம்பிவிடுங்கள். இருட்டிய பின் யானையும் சிறுத்தையும் நடமாடும் சாலை அது. மழைக்காலத்தில் அட்டகட்டி பக்கம் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு முன்னால் எதுவும் தெரியாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கனமழை அறிவிப்பு இருக்கும் வாரங்களில் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது.

மலை இறங்கும்போது தீய்ந்த வாடை வந்து, பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போனது. வண்டியில் என்ன கோளாறு? — வடவள்ளி வாசகி

பெரும்பாலும் கோளாறு வண்டியில் இருக்காது, இறக்கிய விதத்தில் இருக்கும். சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் மூன்றாவது, நான்காவது கியரிலேயே விட்டுவிட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள். பிரேக் பேடும், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கும் உரசிச் சூடேறும். ஓர் அளவுக்கு மேல் சூடானால் பேடு பிடிக்காது. பிரேக் ஆயில் பழையதாகி அதில் ஈரம் ஏறியிருந்தால் இன்னும் ஆபத்து: ஆயில் கொதித்துக் குமிழி விடும். மிதிக்கும் விசையில் அந்தக் குமிழிகள் அமுங்குமே தவிர, விசை சக்கரத்துக்குப் போய்ச் சேராது. பெடல் மெத்தென்று போனதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். பேடுகளோடு பிரேக் ஆயிலையும் பார்க்கச் சொல்லுங்கள். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

அந்த இடத்தை ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ, அதே கியரில் இறங்குங்கள். வால்பாறைச் சாலையில் பெரும்பாலும் இரண்டாவது கியர். வளைவு குறுகினால் முதல் கியர். இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை வளைவுக்கு முன்பாக ஒருமுறை நன்றாக மிதித்து, வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். லேசாக வைத்த காலை எடுக்காமலே வருவதுதான் கெடுதல். ஆட்டோமேட்டிக் வண்டியில் 'எல்' அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடவோ இன்ஜினை அணைக்கவோ கூடாது. இன்ஜின் நின்றால் பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கும் உதவி விசையும் நின்றுவிடும்.

வாடை வந்துவிட்டால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிவிடும். இன்னொன்று, ஏறிவரும் வண்டிக்கே முதல் வழி. அரசுப் பேருந்து கொண்டை ஊசியில் திரும்ப முழுச் சாலையும் வேண்டும். அது தெரிந்தால் வளைவுக்கு இந்தப் பக்கமே நின்று வழிவிடுங்கள்.

ஆறு வயதுப் பையன் மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுத்துவிடுகிறான். — கணபதி வாசகி

கண் வண்டிக்குள்ளேயே இருக்க, காதின் உட்பகுதி உடல் ஆடுவதை உணர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் வயிறும் ஆகாது, பூரியும் பாலும் ஆகாது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி போதும். ஜன்னலைத் திறந்து வைத்து, காருக்குள் தொங்கும் வாசனைப் புட்டியை எடுத்துவிடுங்கள். மாத்திரை தருவதாக இருந்தால் மருத்துவரிடம் அளவு கேட்டு, மலை ஏறுவதற்கு முன்பே தர வேண்டும். வாந்தி தொடங்கிய பின் தந்தால் வயிற்றில் தங்காது.

வால்பாறையிலிருந்து அப்படியே அதிரப்பள்ளி போய், பாலக்காடு வழியாகத் திரும்பலாமா? — சிங்காநல்லூர் வாசகர்

அருமையான சுற்று, ஆனால் ஒரு நாளில் வேண்டாம். மொத்தம் சுமார் 360 கி.மீ. சனிக்கிழமை இரவு வால்பாறையில் தங்கி, ஞாயிறு காலை 7 மணிக்குக் கிளம்புங்கள். மளுக்கப்பாறையில் கேரள வனத்துறைச் சோதனைச்சாவடி. வண்டியில் இருக்கும் பிளாஸ்டிக் பாட்டில்களை எண்ணிச் சீட்டில் குறிப்பார்கள். மறுமுனையில் வாழச்சாலில் எண்ணிக்கையும் நேரமும் சரிபார்க்கப்படும். நடுக்காட்டில் இறங்கிச் சுற்றினால் அங்கே பதில் சொல்ல வேண்டிவரும். மாலையில் சாவடி மூடப்படும், உள்ளே விடுவதை அதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள் என்பதால் மதியத்துக்கு மேல் போய் நிற்காதீர்கள். மழையாலோ யானை நடமாட்டத்தாலோ பாதையை அடைப்பதும் உண்டு. தங்கும் இடத்தில் முதல் நாள் இரவே விசாரித்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் பங்க் இல்லை, பெரும்பகுதி சிக்னலும் இல்லை. வால்பாறையில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

அதிரப்பள்ளி தாண்டிச் சாலக்குடி வந்தால், அங்கிருந்து திருச்சூர், குதிரான் சுரங்கம், பாலக்காடு, வாளையார் என்று நான்குவழிச் சாலை. வழியில் டோல்கேட்டுகள் உண்டு, ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கட்டும்.

வழியில் சாப்பிடக் கட்டிக்கொண்டு போகிற சோறு மதியத்துக்குள் நசநசத்துக் கெட்டுவிடுகிறது. — பீளமேடு வாசகி

சூட்டோடு மூடுவதுதான் காரணம். மூடியின் உட்புறம் ஆவி நீராகிச் சொட்டி, மேல் சோற்றை நனைக்கும். அந்த ஈரத்தில்தான் முதலில் கெடத் தொடங்கும்.

நால்வருக்குப் புளிச்சோறு: அரிசி 400 கிராம், புளி 50 கிராம், நல்லெண்ணெய் 100 மி.லி., வரமிளகாய் 8, கடுகு, கடலைப்பருப்பு, நிலக்கடலை, பெருங்காயம், வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு தேக்கரண்டி. புளிக்கரைசல் சுண்டி, எண்ணெய் ஓரமாகப் பிரிந்து மேலே நிற்கும் வரை அடுப்பை அணைக்காதீர்கள். அவசரத்தில் நீர்க்க இறக்கினால் சோறு குழையும், நாளும் தாங்காது. சோற்றை ஒன்றுக்கு இரண்டு தண்ணீரில் உதிரியாக வடித்து, அகலத் தாம்பாளத்தில் பரப்பி, இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, கைக்குச் சூடு தெரியாத வரை ஆறவிட்டுப் பிசைந்து, பிறகே தூக்கில் அடையுங்கள்.

தயிர்ச்சோறு புளிக்காமல் இருக்க, ஒரு தம்ளர் அரிசியைக் குழைய வடித்து மசித்து, காய்ச்சி ஆறிய பால் மூன்று தம்ளர், தயிர் இரண்டு கரண்டி மட்டும் சேருங்கள். மதியத்துக்குள் தானே தயிராகிவிடும். தேங்காய்ச் சட்னி வேண்டாம். ஊறுகாயும் உருளைக்கிழங்கு வறுவலும் போதும். வாழையிலையை அனலில் வாட்டிக் கொண்டுபோனால் கிழியாது. மலைப்பக்கம் பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், தண்ணீர் பாட்டிலுக்குத் தடையும் அபராதமும் இருப்பதால் எவர்சில்வர் பாத்திரமே நல்லது.

அலுத்து வீடு திரும்பிய இரவுக்கு இந்த ஊர்ச் சமையலையே பழகிக்கொள்ளுங்கள்: அரிசி ஒரு தம்ளர், துவரம்பருப்பு கால் தம்ளர், சின்ன வெங்காயம் 10, தக்காளி 1, பூண்டு 6 பல், மிளகு, சீரகம், மஞ்சள்தூள். தாளித்து மூன்றரைத் தம்ளர் தண்ணீர் விட்டுக் குக்கரில் மூன்று விசில். மேலே நெய். கொங்கு வீடுகளின் அரிசியும் பருப்புச் சோறும் இதுதான்.

வயதான அம்மாவுடன் நீலகிரி போக வேண்டும். குன்னூர் சாலையா, கோத்தகிரி சாலையா? — கவுண்டம்பாளையம் வாசகர்

கோத்தகிரி. மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கி.மீ.; நெரிசலும் குறைவு. ஊட்டி வரை போயே ஆக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டால் அம்மாவுக்கு அலைச்சல் இருக்காது. கன்னேரிமுக்கில் அன்றைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் கட்டிய பங்களா, கோடநாடு காட்சிமுனையிலிருந்து மாயாற்றுப் பள்ளத்தாக்கு, இரண்டும் ஒரு நாளுக்குப் போதும். நீலகிரிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ், குஞ்சப்பனைச் சோதனைச்சாவடியில் பார்ப்பார்கள். அரசுப் பேருந்தில் போனால் தேவையில்லை. மே மாத சீசனில் ஏறுவது குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்குவதுண்டு, அப்போது நம் விருப்பம் செல்லாது.

ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. வாங்கும்போது ஒன்றை உடைத்துப் பாருங்கள், நடு அடுக்கும் மொறுமொறுப்பாக உதிர வேண்டும். கோவைக்கு வந்ததும் காற்றுப் புகாத டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.

அரை நாள்தான் நேரம் இருக்கிறது. சாப்பாட்டுக்காகவே ஓர் இடம் சொல்லுங்கள். — குனியமுத்தூர் வாசகி

பாலக்காடு பக்கம் எலப்புள்ளியை அடுத்த ராமசேரி. வாளையார் தாண்டினால் மலை ஏறாமல் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். இங்கே இட்லிக்குக் குழித்தட்டு கிடையாது. மண்வளையத்தில் வலைபோல நூல் கட்டி, துணி விரித்து மாவை ஊற்றி, கொதிக்கும் பானைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விறகடுப்பில் வேகவைக்கிறார்கள். தட்டையாக, தோசையின் தடித்த தம்பிபோல இருக்கும். பொடியில் தேங்காயெண்ணெய் குழைத்துத் தருவார்கள், சட்னியைவிட அதுதான் பொருத்தம். தொழிலைத் தொடரும் குடும்பங்கள் சிலவே. காலை 9 மணிக்குள் போய்விட்டால் சூடாகக் கிடைக்கும்.