ஓன்சென் தமாகோ: ஜப்பானிய இளவேக்காட்டு முட்டை பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஜப்பானில் தங்கியிருந்த விடுதியில் காலை உணவோடு ஒரு சிறு கிண்ணத்தில் முட்டை தந்தார்கள். மஞ்சள்கரு கெட்டியாகவும் வெள்ளைக்கரு தளதளவென்றும் இருந்தது. வெள்ளைக்கருதானே முதலில் வேகும்? இது எப்படித் தலைகீழாக நடக்கிறது?

பதில்: நீங்கள் சாப்பிட்டது ஓன்சென் தமாகோ. ஓன்சென் என்றால் வெந்நீர் ஊற்று, தமாகோ என்றால் முட்டை. கொதிக்கும் நீரில் முட்டையைப் போட்டால் சூடு வெளியிலிருந்து உள்ளே போவதால் வெள்ளைக்கரு முந்திக்கொள்கிறது. ஆனால் முட்டை முழுவதும் ஒரே சூட்டில் நெடுநேரம் இருந்தால், எது முதலில் வேகும் என்பதை இடம் தீர்மானிப்பதில்லை, புரதம்தான் தீர்மானிக்கிறது. வெள்ளைக்கருவிலுள்ள புரதத்தில் பாதிக்கு மேல் ஓவால்புமின். அது ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸ் வந்தால்தான் இறுகும். ஓவோடிரான்ஸ்ஃபெரின் என்ற இன்னொரு புரதம் 60 டிகிரியைத் தாண்டியதுமே திரளத் தொடங்குகிறது, ஆனால் அதன் அளவு குறைவு என்பதால் வெள்ளைக்கரு பால்நிறம் கொண்டு இளந்தயிர் போல நின்றுவிடுகிறது. மஞ்சள்கருவோ 65 டிகிரியிலேயே தடிக்கத் தொடங்கி 70-ஐ ஒட்டிக் கெட்டிப்படுகிறது. ஆகவே 65-க்கும் 70-க்கும் இடைப்பட்ட நீரில் அரை மணி நேரம் கிடந்த முட்டையில் நீங்கள் பார்த்த தலைகீழ்க் காட்சி உண்டாகிறது.

கேள்வி: ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, 200 மில்லி குளிர்ந்த நீர் சேர்த்து, நான்கு முட்டைகளை இட்டுப் பதினைந்து நிமிடம் மூடி வைக்கும் ஜப்பானிய வீட்டுமுறையை அப்படியே செய்தேன். வெள்ளைக்கரு முழுவதும் இறுகி, சாதாரண வேகவைத்த முட்டையாகிவிட்டதே! நான் சென்னையில் இருக்கிறேன்.

பதில்: பிழை உங்கள் கையில் இல்லை, அளவு உருவான ஊரில் இருக்கிறது. அந்த முறை, குழாய் நீர் 20 டிகிரியை ஒட்டியும், முட்டை நேரே குளிர்பெட்டியிலிருந்தும் வருவதாக எண்ணி அமைக்கப்பட்டது. அப்படியிருந்தால் கலந்த நீர் 87 டிகிரிக்கு இறங்கும். முட்டைகள் சூட்டை இழுத்துக்கொண்ட பிறகு 76 டிகிரி அளவில் நின்று, பிறகு மெல்ல 70-ஐ நோக்கித் தணியும். உங்கள் குழாய் நீர் 30 டிகிரி, கூடையில் இருந்த முட்டையும் 30 டிகிரி என்றால், அதே கணக்கு 81 டிகிரியில் போய் நிற்கிறது. ஓவால்புமின் இறுகும் எல்லையை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். முட்டையைக் குளிர்பெட்டியில் வைத்து எடுங்கள். 200-க்குப் பதில் 300 மில்லி நீர் சேருங்கள். 75 டிகிரிக்கு அருகில் வந்துவிடும்.

இருந்தாலும், சமையல் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. நிமிடத்தை நம்பிச் செய்த வரையில் எனக்கும் நான்கில் ஒன்றுதான் சரியாக வந்தது. அடிகனமான பாத்திரத்தில் நீரை 68 டிகிரியில் நிறுத்தி, இறங்கும்போது மட்டும் சிறுதீயை ஏற்றி, முப்பது நிமிடம் அருகிலேயே இருந்தால் ஒவ்வொரு முட்டையும் ஒரே பதத்தில் கிடைக்கும்.

கேள்வி: உடைத்தபோது கிண்ணத்தில் நீர்த்த வெள்ளைக்கரு சிறிது ஓடியது. வேகவில்லை என்று பொருளா?

பதில்: இல்லை. எல்லா முட்டையிலும் வெளிப்புறமாக மெல்லிய வெள்ளைக்கரு கொஞ்சம் உண்டு; இந்தச் சூட்டில் அது திரளாது. துளைக்கரண்டியில் முட்டையை ஏந்தினால் அது வடிந்துவிடும்.

கேள்வி: மேலே ஊற்றும் சாறு எப்படிச் செய்வது? மீன் சேர்க்காமல் முடியுமா?

பதில்: தாஷி எனும் சாறு 100 மில்லி, சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, மிரின் எனும் இனிப்பு அரிசி மது ஒரு மேசைக்கரண்டி ஆகியவற்றை ஒரு கொதி விட்டு ஆறவைத்து, முட்டை பாதி மூழ்கும்படி ஊற்றுவார்கள். தாஷி வழக்கமாகக் கொம்பு என்ற கடற்பாசியிலும் உலர்ந்த கட்சுவோ மீன் சீவலிலும் எடுக்கப்படுவது. மீன் வேண்டாமென்றால் கொம்பையும் உலர்ந்த ஷிடாகே காளானையும் இரவு முழுதும் நீரில் ஊறவைத்தால் போதும். மிரின் கிடைக்காவிடில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை போடுங்கள்.

கேள்வி: ராமென் எனும் ஜப்பானிய நூடுல்ஸ் சூப் கிண்ணத்தில் பழுப்பு நிறத்தில், நடுவில் தேன் போல ஒழுகும் முட்டை வருகிறதே, அதுவும் இதுதானா?

பதில்: அது வேறு. அதன் பெயர் அஜித்சுகே தமாகோ, சுருக்கமாக அஜிதமா. அங்கே வெள்ளைக்கரு இறுக வேண்டும், மஞ்சள்கரு இளக வேண்டும், எனவே கொதிநீர்தான். 60 கிராம் எடையுள்ள குளிர்ந்த முட்டைக்கு ஆறரை நிமிடம் சரியாக இருக்கும்; நாட்டுக்கோழி முட்டை சிறியதாகையால் ஐந்தேகால் நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். எடுத்த உடனே பனிக்கட்டி நீரில் அமிழ்த்தாவிட்டால் உள்ளிருக்கும் சூடே மஞ்சள்கருவை வேகவைத்துவிடும். உரித்தபின் சோயா, மிரின், நீர் ஆகியவற்றைச் சம அளவில் காய்ச்சி ஆறவைத்த கலவையில் குளிர்பெட்டியில் ஓரிரவு ஊறட்டும். இரண்டு நாளைக் கடந்தால் வெள்ளைக்கரு உப்பேறி ரப்பர் போல ஆகிவிடுகிறது.

புத்தம்புது முட்டையை இதற்கு எடுக்காதீர்கள். நாள்பட நாள்பட ஓட்டின் நுண்துளைகள் வழியே கரியமிலவாயு வெளியேறி, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடுகிறது; அதனால் உள்தோலின் பிடி தளர்ந்து ஓடு எளிதாகக் கழன்று வருகிறது.

கேள்வி: கர்ப்பிணியாக இருக்கிறேன். இவற்றைச் சாப்பிடலாமா?

பதில்: இப்போது வேண்டாம், அம்மா. ஜப்பானில் முட்டைகளைக் கழுவிச் சோதித்து, பச்சையாக உண்ணத்தக்க கடைசி நாளை அச்சிட்டு விற்கிறார்கள். அங்கே பச்சை முட்டையைச் சோற்றில் ஊற்றி உண்பது அன்றாட வழக்கம். கூடையில் வைத்து விற்கப்படும் முட்டைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சால்மோனெல்லா கிருமி மஞ்சள்கரு ஒழுகும் அஜிதமாவில் பிழைத்திருக்கக்கூடும். ஓன்சென் தமாகோ அரை மணி நேரம் 68 டிகிரியில் இருப்பதால் அதைவிடப் பாதுகாப்பானதுதான், ஆயினும் வீட்டில் சூடு சற்று இறங்கினாலும் அந்த உறுதி போய்விடும். குழந்தை பிறக்கும் வரை முழுக்க வெந்த முட்டையே உண்ணுங்கள். சிறு குழந்தைகளுக்கும் முதியோருக்கும் இதையே சொல்வேன்.

கேள்வி: ஜப்பானின் ஹகோனே ஊரில் விற்கும் கறுப்பு முட்டையும் ஓன்சென் தமாகோதானே?

பதில்: வெந்நீர் ஊற்றில் வெந்தது என்ற பொருளில் ஆம், பதத்தில் இல்லை. அங்குள்ள ஓவாகுதானி எரிமலைப் பள்ளத்தாக்கில் முட்டையை ஊற்று நீரில் வேகவைத்து, பிறகு ஆவியிலும் வைக்கிறார்கள். எனவே உள்ளே முழுக்க இறுகிய முட்டைதான். நீரிலுள்ள இரும்பு ஓட்டில் படிந்து, ஹைட்ரஜன் சல்ஃபைடுடன் சேர்ந்து இரும்பு சல்ஃபைடாகிக் கறுக்கிறது. ஒன்று தின்றால் ஏழு ஆண்டு ஆயுள் கூடும் என்பது அவ்வூர் நம்பிக்கை. அதிகம் வெந்த முட்டையின் மஞ்சள்கருவைச் சுற்றி நம் வீட்டில் தெரியும் பச்சைச் சாம்பல் வளையமும் அதே இரும்பு சல்ஃபைடுதான்.