ஒளிக்கு பிரேக் போட முடியுமா?

கேள்வி: எங்கள் வீட்டுப் பட்டாலை ஜன்னல்களுக்கு மேலே அந்தக் காலத்துக் கலர் கண்ணாடி இருக்கிறது. கண்ணாடிக்குள் வெளிச்சம் மெதுவாகப் போகுமாம், ஆராய்ச்சிக்கூடத்தில் அதை பஸ் வேகத்துக்கே கொண்டுவந்துவிட்டார்களாம், பேரன் சொல்கிறான். கதை விடுகிறானா?
- ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: கதை இல்லை ஆச்சி, இரண்டும் நிஜம்தான், ஆனால் சங்கதி வேறு வேறு. வெற்றிடத்தில் விநாடிக்கு சுமார் 3 லட்சம் கி.மீ. போகும் ஒளி, கண்ணாடிக்குள் 2 லட்சத்துக்குக் குறைகிறது. உங்கள் ஜன்னல் கண்ணாடி 3 மி.மீ. தடிமன் என்றால், ஒரு விநாடியை லட்சம் கோடி கூறு போட்டு அதில் 5 கூறு அளவுக்குத்தான் தாமதம்.

பஸ் வேகம் 1999இல் நடந்தது. டென்மார்க்கில் பிறந்த லேனே ஹாவ் என்ற இயற்பியலாளரின் குழு, அமெரிக்காவில், சோடியம் அணுக்களை மைனஸ் 273 டிகிரியை ஒட்டிக் குளிர வைத்து, அதற்குள் ஒளியை விநாடிக்கு 17 மீட்டருக்கு இறக்கியது. மணிக்கு 61 கி.மீ.; காரைக்குடி - தேவகோட்டை பஸ்ஸே எட்டிப் பிடித்துவிடும்! குளிர் மட்டும் போதாது, வித்தை இன்னொரு லேசரில் இருக்கிறது. சோடியம் வாயு தனக்குரிய நிற ஒளியை அப்படியே விழுங்கிவிடும். இரண்டாவது லேசரையும் பாய்ச்சினால், அணு ஒளியை உறிஞ்சும் வழிகள் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ள, ஒரு மெல்லிய நிறப் பட்டைக்கு மட்டும் வாயு வழிவிடுகிறது. அந்தப் பட்டைக்குள் நிறம் இம்மி மாறினாலும் ஒளிவிலகல் எண் (ஒளி அலைகள் ஒரு பொருளுக்குள் எவ்வளவு மெதுவாகப் போகும் என்று காட்டும் எண்) சட்டென்று மாறும். ஓர் ஒளித்துடிப்பு (கணநேரம் மின்னும் ஒளிக்கீற்று) என்பதே பல நிறங்களின் கூட்டுதானே; அந்த நிற அலைகள் ஒத்துச் சேரும் இடம் மெல்லத்தான் நகரும், அதனால் மொத்தத் துடிப்பும் நகரத் திணறுகிறது. முன்பாகம் உள்ளே வந்து தவழ, பின்பாகம் வெளியிலிருந்து பழைய வேகத்தில் வந்து நெருக்க, கி.மீ. கணக்கில் நீண்ட துடிப்பு மில்லிமீட்டருக்கும் கீழே சுருங்கிவிடுகிறது.

கேள்வி: அப்படியே நிறுத்திவிடலாமா? அதனால் என்ன பயன்?
- கல்லூரி மாணவர், தேவகோட்டை

பதில்: 2001இல் நிறுத்தினார்கள். ‘ஒளியைச் சிறைப்பிடித்தார்கள்’ என்று எழுதுவது கொஞ்சம் ஓவர். துடிப்பு உள்ளே இருக்கும்போது இரண்டாவது லேசரை அணைத்தால் ஒளி அங்கே இருக்காது, அதன் தடம்தான் அணுக்களில் பதிந்து நிற்கும். லேசரை மறுபடி போட்டால் அதே துடிப்பு வெளியே வரும். 2013இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் ஒரு படிகத்துக்குள் இப்படி ஒரு நிமிடம் வரை வைத்திருந்தார்கள். குவாண்டம் தகவலை (தனித்தனி அணு, ஒளித்துகள் இவற்றின் நிலையில் பதித்த தகவலை) தொலைதூரம் அனுப்ப, நடுவில் இப்படிச் சேமித்து வைக்கும் நினைவகம் தேவைப்படுகிறது. ஆராய்ச்சிக்குப் பணம் வருவது பெரும்பாலும் அதை நம்பித்தான்.