கணவர் நல்லவர்தானே?

கேள்வி: கேட் ஷோபன் எழுதிய 'ஒரு மணி நேரத்தின் கதை'யை மொழிபெயர்ப்பில் படித்தேன். கணவன் ரயில் விபத்தில் இறந்துவிட்டான் என்று கேள்விப்பட்ட மனைவி கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, தனி அறையில் உட்கார்ந்து 'விடுதலை' என்று சந்தோஷப்படுகிறாள். அவன் அவளை அடித்ததில்லை, கொடுமைப்படுத்தியதில்லை, அன்பாகவே இருந்திருக்கிறான். இதைப் போய்ப் பெண் விடுதலைக் கதை என்று எப்படிக் கொண்டாடுகிறீர்கள்? சுயநலம் இல்லையா இது? என் மனைவியும் படித்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: சுயநலம் இல்லை. நீங்கள் கதையை அவசரமாகப் படித்திருக்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் "கொஞ்ச நேரம் அழுதுவிட்டு" என்று நீங்கள் கடந்துபோகும் இடத்தில் ஷோபன் நின்று எழுதியிருக்கிறார். இப்படியொரு செய்தி கேட்டால் பலரும் அதை ஏற்கவே முடியாமல் உறைந்து போவார்கள், இவள் அப்படி இல்லை, அந்தக் கணமே சகோதரியின் கைகளில் விழுந்து கதறினாள் என்று குறிப்பிட்டே சொல்கிறார். பிறகு அறைக்குள் போய் நாற்காலியில் சாய்ந்த பிறகும், அழுது அழுது தூங்கிப்போன குழந்தை தூக்கத்திலும் விசும்புமே, அதுபோல ஒரு விசும்பல் வந்துகொண்டிருக்கிறது. அந்தத் துக்கம் பொய்யில்லை.

அந்த நாற்காலி திறந்த ஜன்னலைப் பார்த்துப் போடப்பட்டிருக்கிறது. வெளியே வசந்தகாலத்து மரங்கள், காற்றில் மழை வாசனை, தெருவில் ஒருவன் கூவி விற்கிறான், தூரத்தில் யாரோ பாடுவது லேசாகக் கேட்கிறது, கூரை ஓரத்தில் குருவிகள். இதெல்லாம் தினமும் அங்கே இருந்தவைதான், அவள் காதில் இன்றைக்குத்தான் விழுகிறது. அப்புறம் ஏதோ ஒன்று தன்னை நோக்கி வருவதை உணர்கிறாள், பயப்படுகிறாள், அதைத் தள்ளிவிடப் பார்க்கிறாள், முடியவில்லை, கடைசியில் அந்தச் சொல் அவள் வாயிலிருந்து தானாகவே கசிகிறது. கணவன் செத்ததற்காக அவள் சந்தோஷப்பட்டதாகக் கதையில் ஒரு வரிகூடக் கிடையாது. அன்பான அந்தக் கைகள் மடிந்து கிடப்பதைப் பார்க்கும்போது மறுபடியும் அழுவேன் என்று அவளுக்கே தெரியும். அந்தத் துயரத்துக்கு அப்பால் நீண்டு கிடக்கும் வருடங்கள் தன்னுடையவை, அதுதான் அவள் சந்தோஷம். நேற்றுவரை, ஆயுசு நீண்டுவிடுமோ என்று நினைத்து நடுங்கியவள் அவள்.

சரி, உங்கள் முக்கியமான வாதத்துக்கு வருகிறேன். கணவன் நல்லவன் என்கிறீர்கள். ஆமாம், நல்லவன்தான், ஷோபன் வேண்டுமென்றே அவனை நல்லவனாகப் படைத்திருக்கிறார். அவன் குடித்துவிட்டு வந்து அடிப்பவனாக இருந்திருந்தால் நீங்களும் நானும் "பாவம், தப்பித்தாள்" என்று சொல்லிப் புத்தகத்தை மூடியிருப்போம், அந்தக் கதை கெட்ட கணவர்களைப் பற்றியதாகப் போயிருக்கும், நல்ல கணவர்கள் யாருக்கும் அதில் வேலையே இருந்திருக்காது. ஒரு மனிதர் தன் விருப்பத்தை இன்னொரு மனிதர் மேல் சுமத்தத் தனக்கு உரிமை உண்டு என்று நம்புகிறாரே, அந்த நம்பிக்கையைத்தான் ஷோபன் பேசுகிறார். அன்பாகச் செய்தாலும் கொடூரமாகச் செய்தாலும் அது குற்றம்தான் என்று அவளுக்கு அந்த நேரத்தில் தோன்றுகிறது. அந்த வாக்கியத்தில் ஆண்கள் என்று மட்டும் இல்லை, ஆண்களும் பெண்களும் என்றே இருக்கிறது. நிறையப் பேர் இதைக் கவனிப்பதில்லை.

இது 1894-இல் அமெரிக்காவில் எழுதப்பட்ட கதை, அந்தக் காலத்துச் சட்டத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கல்யாணம் ஆனதும் கணவனும் மனைவியும் ஒரே ஆள் என்பது பழைய ஆங்கிலேயச் சட்டம். 1765-இல் பிளாக்ஸ்டோன் என்ற ஆங்கிலேயச் சட்ட அறிஞர் அதை எழுதியே வைத்தார், அந்த ஒரே ஆள் கணவன்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலும் அந்தச் சட்டத்தோடுதான் தொடங்கின. 1839-இல் மிசிசிப்பி, 1848-இல் நியூயார்க் என்று ஒவ்வொன்றாக மனைவிக்குச் சொத்துரிமை கொடுத்தன, ஆனால் விவாகரத்து வேண்டுமென்றால் கணவன் மேல் குற்றத்தை நிரூபிக்க வேண்டியிருந்தது: அடித்தான், கைவிட்டான், வேறொருத்தியோடு போனான் என்று. தென் கரோலினாவில் அன்றைக்கு அந்த வழியும் இல்லை. யார் மேலும் குற்றம் சொல்லாமல் பிரியலாம் என்ற சட்டம் கலிபோர்னியாவில் 1970-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இப்போது சொல்லுங்கள், நல்லவனைக் கட்டிய லூயிஸ், அதாவது இந்தக் கதையின் மனைவி, எந்தக் கோர்ட்டில் போய் என்ன சொல்லியிருக்க முடியும்? கணவனுடைய நல்ல குணமே அவளுக்கு வெளியேறும் வழியை அடைத்துவிடுகிறது. அந்த ரயில் விபத்து மலிவான திருப்பம் என்று சிலர் குறை சொல்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் மாதிரி ஒருத்திக்கு அன்றைக்கு இருந்த வாசல் அது ஒன்றுதான்.

இன்னொன்றைப் பாருங்கள். கதை தொடங்கும்போது அவள் 'திருமதி மல்லார்ட்'. லூயிஸ் என்ற அவளுடைய பெயரே, அறைக்குள் அவள் மனதில் எல்லாம் நடந்து முடிந்த பிறகு, கதவுக்கு வெளியே மண்டியிட்டுச் சகோதரி கூப்பிடும்போதுதான் நமக்குத் தெரிய வருகிறது. கொஞ்ச நேரத்தில் கணவன் பயண அழுக்கோடு, பையும் குடையுமாக, தன் சாவியால் கதவைத் திறந்துகொண்டு உயிரோடு வருகிறான். அவனுக்கு விபத்து நடந்ததே தெரியாது. அவள் செத்துப்போகிறாள். டாக்டர்கள் வந்து பார்த்து, இதயம் பலவீனம், சந்தோஷம் தாங்காமல் போய்விட்டாள் என்கிறார்கள். நல்ல கணவன் திரும்பி வந்தால் மனைவிக்குச் சந்தோஷம் தவிர வேறென்ன இருக்க முடியும் என்பது அவர்கள் கணக்கு. உங்கள் கேள்வியும் அதே கணக்கில்தான் வருகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஷோபன் ஆண்களை வெறுத்தவர் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அவருக்கு ஐந்து வயதாக இருக்கும்போது, 1855-இல், புதிதாகத் திறந்த ரயில் பாதையில் பாலம் உடைந்து அப்பா இறந்துபோனார். அம்மா மறுமணம் செய்துகொள்ளவில்லை. அம்மா, பாட்டி, கொள்ளுப்பாட்டி என்று விதவைகளே நடத்திய வீட்டில் வளர்ந்தவர். 1870-இல் கல்யாணம், ஆறு பிள்ளைகள், 1882-இல் கணவர் ஆஸ்கர் காய்ச்சலில் போய்விட்டார், தலைமேல் கடன். கடையையும் நிலத்தையும் தானே பார்த்துக்கொண்டு, பிறகு செயின்ட் லூயிஸுக்குத் திரும்பி, அதற்கப்புறம்தான் எழுத உட்கார்ந்தார். ஆஸ்கர் மனைவியை அடக்கி வைத்தவர் இல்லை என்றே சொல்லப்படுகிறது. இந்தக் கதையை ஷோபன் எழுதியது 1894 ஏப்ரல் 19 (டிசம்பரில் 'வோக்' பத்திரிகையில் 'ஒரு மணி நேரக் கனவு' என்ற பெயரில் வந்தது). அடுத்த மாதமே நாட்குறிப்பில் எழுதுகிறார்: கணவரும் அம்மாவும் திரும்பி வர முடியுமென்றால், அவர்கள் போன பிறகு கிடைத்த எல்லாவற்றையும் தயங்காமல் விட்டுவிட்டு அவர்களோடு போய்ச் சேர்ந்துகொள்வாராம். ஆனால் அதற்குக் கடந்த பத்து வருடத்து வளர்ச்சியை, தன்னுடைய உண்மையான வளர்ச்சியை, மறக்க வேண்டியிருக்குமாம். இரண்டையும் சேர்த்தே எழுதிவைத்தவரை என்னால் சுயநலக்காரி என்று சொல்ல முடியவில்லை.

யாரும் சாகாமலே இதைச் சொன்ன கதையும் உண்டு. மேரி வில்கின்ஸ் ஃப்ரீமன் எழுதிய 'ஒரு நியூ இங்கிலாந்து கன்னியாஸ்திரீ', 1891 தொகுப்பில் இருக்கிறது. லூயிசா எல்லிஸுக்கு நிச்சயமாகிப் பதினைந்து வருடம், அதில் பதினான்கு வருடம் ஜோ ஆஸ்திரேலியாவில் பணம் சேர்க்கிறான். அவனும் நல்லவன், நேர்மையானவன். திரும்பி வந்தவன் ஒருநாள் அவள் வீட்டு மேசையில் இருந்த இரண்டு புத்தகங்களைப் புரட்டிவிட்டு, மேலே இருந்ததைக் கீழே வைக்கிறான். அவள் எழுந்து மறுபடி மாற்றி வைக்கிறாள். எது மேலே இருந்தால் என்ன என்று கேட்கிறான். நான் எப்போதும் இப்படித்தான் வைப்பேன் என்கிறாள். அவன் போனதும் விளக்கை எடுத்து, தரைவிரிப்பில் எவ்வளவு புழுதி வந்திருக்கிறது என்று குனிந்து பார்க்கிறாள். இது அற்பமா? அந்த இரண்டு புத்தகம்தான் அவள் ராஜ்யம், பதினான்கு வருடத்தில் அவளே உண்டாக்கிக்கொண்டது. ஜோவுக்கு இன்னொருத்தி மேல் மனம் போய்விட்டது என்று ஒரு நிலவொளி இரவில் தற்செயலாகக் காதில் விழுகிறது. அதைச் சொல்லிக் காட்டாமல், இவ்வளவு காலம் ஒரே மாதிரி வாழ்ந்துவிட்டேன், மாற்றிக்கொள்ளத் தயக்கமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி அவனை விடுவிக்கிறாள். கண்ணியமான இடம், எத்தனை தடவை படித்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது "என் மனைவியும் படித்தாள், ஒன்றும் சொல்லவில்லை" என்ற வரி. கதையில் சகோதரி சாவித் துவாரத்தில் வாயை வைத்து, கதவைத் திற, உடம்புக்கு ஏதாவது வந்துவிடும் என்று கெஞ்சுகிறாள். அவளும் பாசமுள்ளவள்தான், உள்ளே என்ன நடக்கிறதென்று அவளுக்குத் தெரியாது, அவ்வளவுதான். உங்கள் மனைவியிடம் இது சுயநலமா இல்லையா என்று கேட்டுவிடாதீர்கள், அப்படிக் கேட்டால் நீங்கள் எதிர்பார்க்கும் பதில்தான் வரும். ஜன்னல் பக்கத்து நாற்காலியில் லூயிஸ் உட்கார்ந்திருக்கும் அந்தப் பகுதியை மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து இன்னொரு தடவை படியுங்கள். அவர் ஏதாவது சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். சொல்லாவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.