2016-ல் குடியரசுக் கட்சித் தலைமையால் டிரம்பை ஏன் தடுக்க முடியவில்லை?

எதிர்ப்பு வாக்கு சிதறியதுதான் முக்கியக் காரணம். அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க தென் கரோலினா மாநிலத்தில் நடந்த உட்கட்சித் தேர்தலைப் பாருங்கள். பிப்ரவரி 20-ல் டிரம்ப் பெற்றது சுமார் 32.5 சதவீதம், போட்டியாளர்களான ரூபியோவும் குரூஸும் ஆளுக்கு 22 சதவீதத்தைத் தாண்டினார்கள். ஆனால் மாநில அளவிலும் ஏழு மக்களவைத் தொகுதிகளிலும் முதலிடம் பிடிப்பவருக்கே பிரதிநிதிகள் (கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள்) என்பது அங்குள்ள விதி. அத்தனையிலும் டிரம்பே முந்தியதால் 50 பேரும் அவருக்கே போனார்கள். விகிதாசார முறை என்றால் பதினாறு, பதினேழு பேர்தான் கிடைத்திருப்பார்கள்!

அந்த ஆண்டு வேட்பாளராக 1,237 பிரதிநிதிகள் தேவைப்பட்டார்கள். யாரையும் ஒதுங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தத் தலைமைக்கு அதிகாரம் கிடையாது. 'அடுத்தவர் விலகட்டும்' என்றே ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள். மார்ச் 15-ல் புளோரிடாவின் 99 பிரதிநிதிகளும் டிரம்புக்குப் போன பிறகே ரூபியோ விலகினார். என் கணிப்பில் அதற்குள் காலம் கடந்துவிட்டது. ஜனநாயகக் கட்சியில் அப்போது இருந்த 'சூப்பர் டெலிகேட்' போல, விரும்பியவருக்கு வாக்களிக்கும் பெரிய தலைவர்கள் கூட்டமும் குடியரசுக் கட்சியில் இருக்கவில்லை.