நாயின் தோளில் எலும்பு துருத்துகிறதா?

கேள்வி: எங்கள் ஐந்து வயது நாய் ஒரு மாதமாக வலது முன்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது. தடவிக் கொடுத்தால் வலது தோளில் எலும்பு மேடாகத் தட்டுப்படுகிறது. இடப்பக்கம் அப்படி இல்லை. எலும்பு விலகிவிட்டதா? நீவிவிட்டால் சரியாகுமா?

பதில்: நீவ வேண்டாம். பெரும்பாலும் எலும்பு விலகியிருக்காது. அதன் மேலிருந்த சதை வற்றியிருக்கும்.

தோள்பட்டை எலும்பின் வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு முகடு ஓடுகிறது. அதற்கு முன்னால் சுப்ராஸ்பைனேட்டஸ், பின்னால் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் என்று இரண்டு தசைகள். இவை திரட்சியாக இருந்தால் முகடு விரலுக்கு லேசாகத்தான் தெரியும். வற்றினால் கத்தி விளிம்புபோல எழுந்து நிற்கும்.

எந்தச் சதை இளைத்திருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நாயை நேராக நிற்க வைத்து, இரு தோள்களையும் ஒரே நேரத்தில் இரு கைகளாலும் தடவுங்கள். அப்படியே கீழே இறங்கி, முழங்கைக்கு மேலே பின்புறமுள்ள டிரைசெப்ஸ் தசையையும் பிடித்துப் பாருங்கள். அது நன்றாக இருந்து, முகட்டின் இரு பக்கமும் மட்டும் குழிந்திருந்தால் நரம்பின் மேல் சந்தேகம் வரும். அந்த இரண்டு தசைகளுக்கும் ஒரே நரம்புதான். அது தோள்பட்டை எலும்பின் கழுத்தை முன்புறமாக வளைத்துப் போகிறது. அங்கே அடிபட்டால் இரண்டும் சேர்ந்தே வற்றும். வண்டி இழுக்கும் குதிரைகளுக்குக் கழுத்துப்பட்டை அழுத்தி இதே கோளாறு வந்ததுண்டு.

டிரைசெப்ஸும் சேர்ந்து மெலிந்திருந்தால், காலைச் சரியாக ஊன்றாததால் வந்த இளைப்பு அது. வலி தோளில்தான் இருக்க வேண்டும் என்றில்லை. முழங்கையில் இருக்கலாம், பாதத்திலும் இருக்கலாம். விரலிடுக்கு, நகம் எல்லாவற்றையும் பாருங்கள்.

முழங்கை உள்ளே ஒட்டி, பாதம் வெளியே திரும்பி, கால் அரைவட்டம் போட்டு வருகிறதா? அப்படியானால் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் சுருங்கி இறுகியிருக்கலாம். இறுகிய தசைநாரை அறுவை செய்து விடுவித்தால் நடை நன்றாகவே திரும்பும்.

சரி, நீவினால் என்ன? நாயின் காறை எலும்பு பெயரளவுக்குத்தான். முன்கால் உடலோடு எலும்பால் இணையவில்லை. தசைகளே தொட்டில்போல் உடம்பைத் தாங்குகின்றன. உடல் எடையில் சுமார் 60 சதவீதம் முன்கால்களில்தான் விழுகிறது. தோள் மூட்டைப் பக்கவாட்டில் விலகாமல் பிடித்திருப்பதும் பெரும்பாலும் முகட்டின் இரு பக்கமுள்ள அந்த இரண்டு தசைகளின் தசைநார்கள். அவை வற்றியிருக்கும்போது இழுத்து உருவினால் மூட்டுக்குத்தான் கேடு.

இந்த வாரமே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். சமதரையில் நடக்கவிட்டு முன்னாலிருந்து ஒரு வீடியோ எடுத்துப் போங்கள். வலிக்கும் கால் தரையில் படும்போது நாய் தலையைத் தூக்கும். அதை வைத்தே எந்தக் கால் என்று உறுதிசெய்வார்கள். அதுவரை மாடிப்படி, குதியாட்டம் கூடாது. அப்புறம், நாம் சாப்பிடும் வலி மாத்திரையை மட்டும் தந்துவிடாதீர்கள். இபுபுரூஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.