ஹைப்ரிட், ஆல்கிரிப், மைலேஜ்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

மூன்று வருடமாக மாருதி சுசுகி கிராண்ட் விட்டாரா கார் ஓட்டுகிறேன், ஆல்கிரிப் (சுசுகியின் ஆல்வீல் டிரைவ், நான்கு சக்கரமும் இழுக்கும்) மேனுவல். மச்சான் வீட்டில் அதன் இரட்டைப் பிறவியான டொயோட்டா ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைப்ரிட். இரண்டுக்கும் போட்ட பெட்ரோல், ஓடிய கிலோமீட்டர் எல்லாம் ஒரே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதனால்தான் பலரும் என்னிடம் கேட்கிறீர்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோத்தகிரியிலிருந்து: அண்ணா, வீட்டுக்குப் போகும் கடைசி இரண்டு கிலோமீட்டர் எஸ்டேட் மண் பாதை. ஆல்வீல் டிரைவும் வேண்டும், 28 மைலேஜும் வேண்டும். கிராண்ட் விட்டாராவில் எந்த வேரியன்ட் எடுப்பது?

தம்பி, அப்படி ஒரு வேரியன்டே கிடையாது. புக்கிங் போட்ட பிறகு இதைத் தெரிந்துகொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹைப்ரிட் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வண்டிகள் விற்கிறார்கள். லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்று ஏ.ஆர்.ஏ.ஐ. (வண்டிகளைச் சோதிக்கும் அமைப்பு) சான்று பெற்றது ஸ்ட்ராங் ஹைப்ரிட்: டொயோட்டாவின் 1490 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின், கூடவே வண்டியைத் தனியாகவும் நகர்த்தக்கூடிய மின்மோட்டார், 0.76 கிலோவாட்‑மணி லித்தியம் பேட்டரி. அது முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிதான். ஆல்கிரிப் வருவது சுசுகியின் 1462 சிசி கே15சி எஞ்சினோடு. அதில் இருப்பது மைல்டு ஹைப்ரிட், அதாவது ஆல்டர்னேட்டர் இடத்தில் பெல்ட்டில் ஓடும் ஒரு சின்ன மோட்டார். சிக்னலில் எஞ்சினை அணைத்து எழுப்பும், முடுக்கும்போது கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். பெட்ரோல் எரியாமல் பத்தடிகூட அதால் வண்டியை நகர்த்த முடியாது. ஆல்கிரிப் மேனுவலுக்குச் சான்றிதழ் எண் 19.38. 2022இல் வந்தபோது ஆல்கிரிப் மேனுவலில் மட்டுமே கிடைத்தது, 2025இல்தான் 6 ஸ்பீடு ஆட்டோமேட்டிக் கொடுத்தார்கள்.

உன் மண் பாதை மழையில் எப்படி இருக்கும் என்று நீதான் சொல்ல வேண்டும். போன மழைக்காலத்தில் முன்சக்கர வண்டி எதுவும் அங்கே சிக்கவில்லை என்றால் ஸ்ட்ராங் ஹைப்ரிட் எடு. ஒரு முறையாவது டிராக்டர் வந்து இழுத்திருந்தால் ஆல்கிரிப், யோசிக்கவே வேண்டாம்.

மதுரையிலிருந்து: ஆல்வீல் டிரைவ் தேவைப்படும்போதுதானே பின்சக்கரத்துக்குப் போகும்? மற்ற நேரத்தில் ஏன் மைலேஜ் குறைகிறது?

நல்ல கேள்வி. ஆட்டோ மோடில் சாதாரண ரோட்டில் முன்சக்கரம்தான் இழுக்கிறது, உண்மை. ஆனால் பின்பக்கம் விசையைக் கொண்டுபோகும் நீளமான தண்டு (புரொப்பெல்லர் ஷாஃப்ட்), அதைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் எல்லாம் வண்டியோடுதான் பயணம் செய்கின்றன, சுற்றிக்கொண்டும் இருக்கின்றன. எடை ஒரு பக்கம், உராய்வு இன்னொரு பக்கம். இதே எஞ்சின், மேனுவல் கியர், முன்சக்கரம் மட்டும் உள்ள வண்டிக்கு 21.11 தருகிறார்கள், ஆல்கிரிப்புக்கு 19.38. சுமார் 8 சதவீதம் குறைவு. வருடம் 12,000 கிலோமீட்டர் ஓட்டினால் 51 லிட்டர் கூடுதல், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் ஐந்தாயிரம் ரூபாய்ப் பக்கம். மாதத்துக்கு நானூறு சொச்சம். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, ஒரு தடவை சேற்றில் மாட்டினால் ஆகும் செலவு அதைவிட அதிகம்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பின்சக்கரத்துக்கும் விடாமல் விசை அனுப்பும் லாக் மோடைத் தார் ரோட்டில் போடாதீர்கள். வழுக்கும் இடத்துக்கு மட்டுமே அது.

சென்னையிலிருந்து: ஷோரூமில் 28 என்றார்கள், எனக்கு 20தான் வருகிறது. ஸ்ட்ராங் ஹைப்ரிட் வண்டியில் ஏதாவது கோளாறா?

வீட்டிலிருந்து ஆபீஸ் எவ்வளவு தூரம் என்று நீங்கள் எழுதவில்லை, நான்கைந்து கிலோமீட்டர்தான் என்றால் கோளாறு எதுவும் இல்லை. எஞ்சின் சூடாகும்வரை அது அணையாது, சூடானதும் நீங்கள் ஆபீஸ் வாசலில் இருப்பீர்கள். அதே வண்டியில் 15 கிலோமீட்டர் போய்ப் பாருங்கள், நெரிசலாகவே இருந்தாலும் எண் ஏறும். மச்சான் வண்டி தாம்பரம் பக்கமிருந்து தினமும் போய்வருகிறது, நோட்டில் 21க்கும் 23க்கும் நடுவில் இருக்கிறது. என் ஆல்கிரிப்பை அதே ரோட்டில் ஒரு வாரம் ஓட்டியபோது 12.5.

அப்புறம் அந்த 28 சோதனைக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்தது. இந்திய டிரைவிங் சைக்கிளில் அதிகபட்ச வேகமே 90தான், சராசரி எடுத்தால் இன்னும் எவ்வளவோ குறைவு, ஏசியும் ஓடாது. நம் மே மாதத்தை அது பார்த்ததில்லை. ஆகவே சான்றிதழ் எண்ணை ஒரு வண்டியை இன்னொன்றோடு ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் டேங்கில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலும் ஒரு காரணம். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு, அது 20 சதவீதம் கலந்தால் ஒரு லிட்டரில் உள்ள சக்தி ஏழு சதவீதம்வரை குறையும். எஞ்சின் அதற்கென்று செய்ததாக இருந்தால் கொஞ்சம் ஈடுகட்டும், முழுதாக இல்லை.

சேலத்திலிருந்து: வாரம் இரண்டு முறை கோவை போய்வருகிறேன், 110இல் போவேன். ஸ்ட்ராங் ஹைப்ரிடுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் திரும்ப வருமா சார்?

உங்கள் வேகத்தில் சந்தேகம்தான். ஹைப்ரிடின் லாபம் பிரேக்கில் இருக்கிறது. நின்று நின்று போகும் ஊரில், பிரேக்கில் வீணாகும் சக்தியை மோட்டார் பிடித்துப் பேட்டரியில் போடுகிறது. நான்குவழிச் சாலையில் நீங்கள் பிரேக்கே தொடாமல் போனால் பிடிப்பதற்கு என்ன இருக்கிறது? காற்றின் எதிர்ப்பு வேறு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 80இல் இருப்பதைவிட 110இல் கிட்டத்தட்ட 1.9 மடங்கு. 80-85இல் மச்சான் வண்டி 25 தொட்டிருக்கிறது, 110இல் 18தான். என்னுடையது 110இல் 14-15. வித்தியாசம் இருக்கிறது, ஊருக்குள் இருக்கும் அளவுக்கு இல்லை. வேகத்தை 90க்குக் குறைக்க முடிந்தால் எந்த வண்டியாக இருந்தாலும் அதுதான் பெரிய மிச்சம்.

ஈரோட்டிலிருந்து: ஊட்டி ஏறும்போது மைலேஜ் 10க்குக் கீழே போய்விட்டது. இறங்கும்போது ஹைப்ரிட் அதையெல்லாம் திரும்ப எடுத்துவிடும் என்கிறார்களே?

இதை நான் உட்கார்ந்து கணக்குப் போட்டே பார்த்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் உயரம் சுமார் 1,900 மீட்டர். ஆட்கள், பெட்டி எல்லாம் சேர்த்து 1,500 கிலோ என்றால், அந்த எடையை அவ்வளவு உயரம் தூக்கவே ஏறக்குறைய 7.8 கிலோவாட்‑மணி வேண்டும். எஞ்சின் வழியாக அதைச் செய்ய இரண்டரை முதல் மூன்று லிட்டர் பெட்ரோல். ஐம்பது கிலோமீட்டர் ஓடுவதற்கான பெட்ரோல் தனி. அதனால் 9, 10 என்று காட்டுவது நியாயமான எண்தான்.

இறங்கும்போது அந்த 7.8 திரும்பக் கிடைக்க வேண்டும் என்றால் வைக்க இடம் வேண்டுமே. பேட்டரி மொத்தமே 0.76, அதிலும் முழுவதையும் வண்டி பயன்படுத்தாது. சில கொண்டை ஊசி வளைவுகளிலேயே நிரம்பிவிடும். அதற்குப் பிறகு பி மோடில் (இறக்கத்தில் போடும் கியர் நிலை) எஞ்சினைப் பெட்ரோல் இல்லாமல் சுற்றவிட்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும், அப்போது கேட்கும் இரைச்சலைக் கண்டு பயப்பட வேண்டாம். மேலே தங்கும்போது ஹீட்டர் போட்டாலும் எஞ்சின் அடிக்கடி ஓடும், ஏனென்றால் சூடு அதன் தண்ணீரிலிருந்துதான் வருகிறது.

இலங்கை ஹட்டனிலிருந்து: வணக்கம் அண்ணா, இங்கே ஜப்பானிலிருந்து வந்த டொயோட்டா யாரிஸ் கிராஸ் ஹைப்ரிட், நான்கு சக்கர இழுவை (4டபிள்யூடி) வண்டி பார்த்தேன். அதுவும் இப்படித்தானா?

இல்லை, அது வேறு அமைப்பு. இ‑ஃபோர் என்பார்கள். பின்னால் தனியாக ஒரு சின்ன மின்மோட்டார், நடுவில் ஷாஃப்டே இல்லை. அதனால்தான் முழு ஹைப்ரிடும் நான்கு சக்கர இழுவையும் ஒரே வண்டியில் சேர்கின்றன. உங்கள் மழையில் ஏற்றத்தில் வண்டி கிளம்ப நன்றாக உதவும். ஆனால் பின் மோட்டாரின் பலம் குறைவு, ஆழமான சேற்றில் என் ஆல்கிரிப் செய்வதை அதனிடம் கேட்காதீர்கள்.

திருச்சியிலிருந்து: திரையில் 17.1 காட்டுகிறது. நம்பலாமா?

நம்பாதீர்கள். ஒரே பங்க், ஒரே பம்ப், ஆட்டோ கட் ஆனதும் நிறுத்துங்கள், மேலே ஊற்றச் சொல்லாதீர்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, அடுத்த முறை அதேபோல் நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்துப் பாருங்கள். என் திரை 17.1 காட்டிய அன்று 612 கிலோமீட்டருக்கு 38.4 லிட்டர் போயிருந்தது, அதாவது 15.9. மூன்று முறை எடுத்துச் சராசரி பார்த்தால் சரியாக இருக்கும்.

கோத்தகிரித் தம்பி மறுபடி: ஆல்கிரிப்தான் அண்ணா, இரண்டு முறை டிராக்டர் வந்திருக்கிறது.

சரி, முடிந்தது. டயர் மாற்றும்போது நான்கையும் ஒரே பிராண்ட், ஒரே சைஸில் சேர்த்தே மாற்று. முன்னும் பின்னும் தேய்மானம் வித்தியாசமாக இருந்தால் பின்னால் போகும் இணைப்பு தேவையில்லாமல் உழைக்கும். காற்று டிரைவர் பக்கக் கதவில் ஒட்டியிருக்கும் அளவு, பதினைந்து நாளுக்கு ஒரு முறை, டயர் சூடாகும் முன்.