நாலு அணு, ஒரு பரீட்சை

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். அணு பாடத்தில் டால்டன், தாம்சன், ரூதர்போர்டு, போர் என நாலு பேர் சொன்னதையும் படிக்க வேண்டியிருக்கிறது. முதல் மூன்று பேர் சொன்னது தப்பு என்று தெரிந்த பிறகும் எதற்காக அதைப் பிள்ளைகள் தலையில் கட்டுகிறார்கள்? இப்போது சொல்வதும் நாளைக்கு மாறத்தானே போகிறது? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: மூன்றோடு ஏன் நிறுத்திவிட்டீர்கள்? 1913-இல் போர் சொன்னதும் நிலைக்கவில்லை. அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எப்படித் தப்பானது என்று பார்க்க வேண்டாமா? 1897-இல் எலக்ட்ரான் அகப்பட்டதுமே, அணுவைப் பிளக்க முடியாது என்ற டால்டனின் பேச்சு முடிந்துவிட்டது. எலக்ட்ரானின் எதிர்மின்சுமையை ஈடுகட்ட நேர்மின்சுமை எங்கோ இருந்தாக வேண்டும். அது அணு முழுக்கப் பரவியிருக்கிறது, அதற்குள் எலக்ட்ரான்கள் வளையம் வளையமாகச் சுற்றுகின்றன என்று 1904-இல் தாம்சன் கணக்குப் போட்டுக் காட்டினார். வகுப்பில் அதைத் தர்பூசணியும் விதையுமாக்கிவிட்டோம். பாவம் மனுஷன், அவர் போட்ட கணக்கு எங்கே போனதென்றே தெரியவில்லை.

அவரைக் கவிழ்த்தது யார்? கேம்பிரிட்ஜில் அவரிடமே ஆராய்ச்சி பயின்ற ரூதர்போர்டு. 1909-இல் மான்செஸ்டரில் ரூதர்போர்டின் ஆய்வகத்தில் கைகரும், பட்டம்கூட வாங்காத இருபது வயது மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகடுகள் மேல் ஆல்பா துகள்களை (கதிரியக்கப் பொருளிலிருந்து வேகமாக வரும், எலக்ட்ரானைவிட மிகக் கனமான, நேர்மின்சுமையுள்ள துகள்கள்) பாய்ச்சினார்கள். இருட்டறையில் உட்கார்ந்து, திரையில் மினுங்கும் புள்ளிகளை நுண்ணோக்கி வழியே ஒவ்வொன்றாக எண்ணினார்கள். கண் நோக எண்ணியதில் தெரியவந்தது: பிளாட்டினத்தில் பட்டவற்றில் சுமார் 8,000-க்கு ஒன்று திரும்பி வருகிறது. தாம்சனின் அணுவில் அப்படித் திருப்பியடிக்க எதுவுமே கிடையாது.

ரூதர்போர்டு உடனே முடிவு சொல்லிவிடவில்லை. மின்சுமை நடுவில் ஒரு சின்ன இடத்தில் குவிந்திருக்கிறது என்று எழுத 1911 ஆனது. அது நேரா எதிரா என்றுகூட அந்தக் கட்டுரையில் அடித்துச் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்றும் இருந்தது. சுற்றும் எலக்ட்ரான் ஆற்றலை ஒளியாக இழந்துகொண்டே போய், கண்மூடித் திறப்பதற்குள் நடுவில் விழுந்துவிட வேண்டும். அணு நிலைத்து நிற்குமா என்பதை இப்போதைக்குப் பார்க்க வேண்டியதில்லை என்று அந்தக் கட்டுரையிலேயே சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்! எனக்கு இந்தத் தைரியம் ரொம்பப் பிடிக்கும்.

அந்த ஓட்டையை அடைக்க வந்தவர்தான் போர். எலக்ட்ரானுக்குக் குறிப்பிட்ட சில பாதைகள்தான், அவற்றில் சுற்றும்வரை ஒளி விடாது என்றார். ஏன் விடாது? அதற்குப் பதிலில்லை. ஆனால் ஹைட்ரஜன் ஒளியில் தெரியும் கோடுகளுக்கு 1885-இல் பால்மர் என்ற சுவிட்சர்லாந்துப் பள்ளி ஆசிரியர் ஒரு சூத்திரம் கண்டுபிடித்திருந்தார். அது ஏன் சரியாக வருகிறது என்று யாருக்கும் தெரியாமல் கிடந்தது. போரின் அணுவிலிருந்து அந்தச் சூத்திரம் தானாக வந்து விழுந்தது. சரி, அடுத்த தனிமம் ஹீலியம். இரண்டு எலக்ட்ரான். அங்கே கணக்கு உதைத்தது.

1926-இல் எலக்ட்ரானை அலையாக வைத்துக் கணக்குப் போடும் ஷ்ரோடிங்கரின் சமன்பாடு வந்த பிறகு பாதையே போய்விட்டது. எலக்ட்ரான் எங்கே இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் மிச்சம். (எலக்ட்ரான் அலையாகவும் நடந்துகொள்ளும் என்று பரிசோதனையில் காட்டி 1937-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் நம் தாம்சனின் மகன்.) ஆனாலும் ஹைட்ரஜனுக்கு ஷ்ரோடிங்கர் கணக்கில் வந்த ஆற்றல் அளவுகள், போர் சொன்ன அதே அளவுகள். ஆல்பா துகள் எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறும் என்று ரூதர்போர்டு எழுதிய சூத்திரமும் புதிய இயற்பியலில் அப்படியே வருகிறது. மெல்லிய படலங்களில் என்னென்ன தனிமம் இருக்கிறதென்று பார்க்க இன்றும் ஆய்வகங்களில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். இதையெல்லாம் வெறும் 'தப்பு' என்று எப்படித் தள்ளுவது?

நாளைக்கு மாறலாம்தான். மாற்றுகிறவர் ஹைட்ரஜனின் அந்தச் சிவப்புக் கோடு 656 நானோமீட்டர் அலைநீளத்தில் ஏன் விழுகிறது என்று தன் கணக்கிலும் காட்டியாக வேண்டும். காட்டாவிட்டால் யாரும் சீந்தமாட்டார்கள்.

உங்கள் மகனிடம் நாலு படத்தையும் வரையச் சொல்லாதீர்கள். திரும்பி வந்த அந்த ஒரு துகள் தாம்சனுக்கு ஏன் ஆகாது என்று மட்டும் கேளுங்கள். திணறினான் என்றால் கோபத்தைப் பையன் மேல் காட்ட வேண்டாம், அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள்.